தெரு யாருக்குச் சொந்தம்?

ஆலைக் குடியிருப்பில் வளர்ந்தவன் நான். அங்கே துண்டறிக்கை கொடுப்பதற்கும் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். "அவங்க இடம், நாம என்னப்பா செய்ய முடியும்?" என்பார் என் தந்தை. கல்லூரி நூலகத்தில் படித்த ஒரு வழக்கு அதற்குப் பாதி விடை தந்தது.

அமெரிக்காவில், அலபாமா மாநிலத்துச் சிக்கசா என்னும் ஊரில் வீடும் கடையும் தெருவும் அப்போது ஒரு கப்பல் கட்டும் நிறுவனத்தின் சொத்தாக இருந்தன. அங்கே நடைபாதையில் நின்று சமய வெளியீடுகளை வழங்கிய கிரேஸ் மார்ஷ் என்ற பெண்மணி, போகச் சொல்லியும் போகாததால் தண்டிக்கப்பட்டார். 1946-இல் உச்ச நீதிமன்றம் அத்தண்டனை செல்லாது என்றது. பொதுமக்கள் புழங்கும் ஊரில் சொத்துரிமையைவிடப் பேச்சுரிமையே மேலானது என்பது தீர்ப்பின் சாரம்.

ஆனால், தனியார் வணிக வளாகங்களுக்கு இது பொருந்தாது என்று 1976-இல் அதே நீதிமன்றம் கூறிவிட்டது. மீதி விடையை, பள்ளிக்கூடம் காணாத என் தந்தைக்கும் சேர்த்து, நாம்தான் தேடவேண்டும் நண்பர்களே!