கற்காரைத் தளமும் தண்ணீரும்

கட்டடங்களைப் பற்றிப் பேசுவோர் கூரையைப் பேசுவர், சுவரைப் பேசுவர், தூணின் வேலைப்பாட்டைப் பேசுவர். தளத்தைப் பற்றிப் பேசுவோர் அரியர். ஆயினும், ஒரு வீட்டில் ஓயாது சுமை தாங்குவது தளமேயாகும். ஒன்றரை டன் எடையுள்ள கார் நாள்தோறும் ஏறி இறங்கும் கொட்டகையின் தளமும், ஜாக்கியும் சம்மட்டியும் விழுந்தெழும் பட்டறையின் தளமும் படும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

மலேசியாவில் தோட்டங்களை விட்டு நகர்ப்புறங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில், வீட்டை ஒட்டிய சிறு பட்டறையில் மோட்டார் சைக்கிள் பழுதுபார்த்தும் இரும்பு ஒட்டியும் பிழைப்போர் உண்டு. அத்தகையோர் சேமிப்பைச் செலவிட்டுப் போடும் தளம் இரண்டே ஆண்டில் வெடித்தும் பொடிந்தும் போனால், மீண்டும் போடுவது எளிதன்று. 20 அடி நீளமும் 10 அடி அகலமும் 4 அங்குலக் கனமும் உள்ள ஒரு தளம் ஏறத்தாழ நாலரை டன் எடை வரும். அதனை உடைத்து அள்ளுவதற்கே தனிக் கூலி கொடுத்தல் வேண்டும். ஆகவே, கொத்தனாரிடம் வேலையை ஒப்படைப்பவரும் அவ்வேலையின் காரணகாரியங்களை ஓரளவேனும் அறிந்திருத்தல் நலம்.

காரையும் கற்காரையும்

காங்கிரீட் என்று மக்கள் வழங்குவதைத் தமிழ் அறிவியல் நூலார் கற்காரை என்பர். பொருத்தமான பெயரே. ஆனால் பழைய காரைக்கும் இதற்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. தமிழ்நாட்டுப் பழங்கட்டடங்களில் பூசிய சுண்ணாம்புக் காரை, காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உட்கொண்டு கல்லாக இறுகுவது. கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து அதற்கு உறுதியூட்டினர். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரைச் சேர்ந்த ஜோசப் ஆஸ்ப்டின் 1824-இல் காப்புரிமை பெற்ற போர்ட்லண்ட் சிமெண்டோ அவ்வாறன்று. அது காற்றை நம்பி நிற்பதில்லை. தண்ணீரோடு வேதிமுறையில் கூடி இறுகுகிறது. போர்ட்லண்ட் என்பது ஊர்ப்பெயர். அவ்விடத்துக் கட்டடக் கல்லின் நிறத்தை இறுகிய சிமெண்டு ஒத்திருந்தமையால் அப்பெயர் வந்தது. மலாயாவில் ராவாங் ஆலை 1953-இல் சிமெண்டு செய்யத் தொடங்கியது. மூலப்பொருளான சுண்ணாம்புக்கல்லுக்குச் சிலாங்கூரிலும் கிந்தாப் பள்ளத்தாக்கிலும் குறைவில்லை.

இவ்விடத்தில் ஒன்று சொல்லத்தக்கது. முன்னோர் காரையில் வெல்லம் சேர்த்தனர் என்று கேட்டுச் சிமெண்டிலும் அதனைச் சேர்த்துப் பார்ப்பவர் சிலர் உளர். சுண்ணாம்புக்கு நண்பனான வெல்லம் சிமெண்டுக்குப் பகை. 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு நூற்றைம்பது கிராம் சர்க்கரை கலந்தாலே சிமெண்டு இறுகுவது ஏறத்தாழ நின்றுவிடும். முன்னோர் முறை தவறன்று, பொருள் மாறிவிட்டது.

காய்தல் அன்று, இறுகுதல்

"தளம் காய்ந்துவிட்டதா?" என்றே எல்லாரும் கேட்கின்றனர். தளம் கெடுவதற்குப் பாதிக் காரணம் இந்தச் சொல்லிலேயே இருக்கிறது. துணி காய்கிறது, நெல் காய்கிறது, அங்கே நீர் வெளியேறுவதே வேலை முடிவு. கற்காரையில் நீர் வெளியேறினால் வேலை அரைகுறையாக நின்றுபோகிறது. சிமெண்டுத் துகள்கள் நீரைத் தம்முள் ஏற்றுப் புதுப் பொருளாக மாறி ஒன்றையொன்று பற்றிக்கொள்வதுதான் இறுகுதல். நீர் இருக்கும்வரை இம்மாற்றம் நடக்கும்; இல்லையேல் நின்றுவிடும்.

பள்ளியில் இதனை எளிதாகக் காட்டலாம். சிமெண்டுக் குழம்பை இரண்டு சிறு டப்பாக்களில் ஊற்றி, ஒருநாள் மூடிவைத்த பின், ஒன்றை வெயிலிலும் மற்றொன்றை வாளி நீருக்குள்ளும் வைக்கச் சொல்க. இரு வாரம் கழித்து இரண்டையும் ஆணியால் கீறிப் பார்த்தால், நீருக்குள் இருந்ததே கடினமானது என்பதை மாணவர் தாமே கண்டுகொள்வர். குழம்பைக் கையால் பிசைய விடுதல் ஆகாது. ஈரச் சிமெண்டு கடுங்காரம். தோலை அரித்துப் புண்ணாக்கும்.

அப்படியானால் தண்ணீரை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாமோ எனின், கூடாது. தவறு நேர்வது இங்கேதான். சிகாகோவிலுள்ள லூயிஸ் கல்விக்கூடத்து ஆய்வாளர் டஃப் ஏப்ரம்ஸ் 1918-இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு இது: கற்காரையின் வலிமையை முதன்மையாகத் தீர்மானிப்பது சிமெண்டுக்கும் நீருக்கும் உள்ள விகிதம், நீர் மிகுந்தால் வலிமை குறையும். சிமெண்டு தன் மாற்றத்திற்குப் பயன்படுத்தும் நீர் சிறிதே. மிஞ்சிய நீர், கலவையில் இடம் பிடித்துக்கொண்டு பின்னர் ஆவியாகிப் போகும்; போன இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகளாக நிற்கும். வெளியேறுங்கால் தளம் சுருங்கும், சுருங்கும்போது வெடிக்கும்.

கணக்காகச் சொன்னால், 50 கிலோ சிமெண்டுக்கு 25 லிட்டர் நீர் என்பது தக்க அளவு. இன்னும் 5 லிட்டர் ஊற்றினால் வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். முதல்நாள் மழையில் நனைந்த மணல் 100 கிலோவில் 5 லிட்டர் நீர் ஒளிந்திருக்கக் கூடும் என்பதைப் பலர் கருதுவதில்லை. அந்நீரையும் கணக்கில் கழித்தல் வேண்டும்.

கலவை லாரி வந்து நின்றதும், "கொஞ்சம் தண்ணீர் விடுங்கள், இழுக்க எளிதாயிருக்கும்" என்று வேலையாட்கள் கேட்பது வழக்கம். அவர்கள்மேல் குறை சொல்லிப் பயனில்லை. கனத்த கலவையை வெயிலில் இழுப்பவர்க்கே அதன் துன்பம் தெரியும். இளக்கம் வேண்டுமாயின் அதற்குரிய இளக்கி மருந்தைச் சேர்த்து அனுப்புமாறு ஆலைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுதல் வேண்டும். நீரைக் கூட்டாமலே கலவையை நெகிழச் செய்யும் மருந்துகள் இன்று எங்கும் கிடைக்கின்றன. சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் வலிமையுள்ள கலவை காருக்குப் போதும். பட்டறைக்கு 30 என்று கேட்பது நன்று. கையால் கலப்பதாயின் சிமெண்டு ஒரு பங்கு, மணல் ஒன்றரைப் பங்கு, கருங்கல் சல்லி மூன்று பங்கு எனப் பெட்டியால் அளந்து கலத்தல் வேண்டும். மண்வெட்டிக் கணக்கு கணக்காகாது.

நிலத்தின் குணம்

தளம் எவ்வளவு உறுதியாயினும், கீழே நிலம் அமிழ்ந்தால் அதுவும் அமிழும். கிள்ளான் போன்ற கடலோரப் பகுதிகளில் இளகிய களிமண் ஆழமாக உண்டு. கிந்தாவிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பழைய ஈய லம்பங்களைத் தூர்த்த நிலத்தில் எழுந்த குடியிருப்புகள் பல. இவ்விடங்களில் வீடு, ஆழ இறக்கிய தூண்களின்மேல் நிற்கும். கார்க் கொட்டகையோ கொட்டிய மண்ணின்மேல் கிடக்கும். சில ஆண்டுகளில் வீடு நின்ற இடத்தில் நிற்க, கொட்டகைத் தளம் மட்டும் இரண்டு மூன்று அங்குலம் இறங்கி, வாசற்படியருகே வாய் பிளந்து காட்டுவதைத் தாமான்களில் பார்க்கலாம். இதற்குச் சிமெண்டைக் குறைகூறுவது தவறு. தளத்தைச் சுவரோடும் தூணோடும் ஒட்டிவிடாமல், இடையே அரை அங்குலக் கனத்தில் நுரைத்தகடு வைத்துப் பிரித்துவிட்டால், இறங்கும் தளம் சுவரை இழுத்துக்கொண்டு இறங்காது. அமிழ்தல் மிகுந்த நிலமாயின், பொறியாளர் ஒருவரைக் கேளாமல் பட்டறைக்குத் தளம் போடுவது பணத்தை மண்ணில் புதைப்பதாகும்.

நல்ல நிலத்திலும் மேல்மண்ணையும் வேரையும் அகற்றி, நிரப்பும் மண்ணை ஆறங்குல அடுக்குகளாகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் இயந்திரத்தால் இடித்து இறுக்குதல் வேண்டும். ஓரடி மண்ணை ஒரேயடியாகக் கொட்டி மேலே இடித்தால் மேற்புறம் மட்டுமே இறுகும். அதன்மேல் நான்கு அங்குலம் உடைகல், அதன்மேல் கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பு. விரிப்பை வீண்செலவு என்று விட்டுவிடுவோர் பலர். நிலத்து ஈரம் ஓயாது மேலேறும் இந்நாட்டில் அது மிகவும் வேண்டற்பாலது.

கம்பியும் வெட்டும்

பிரான்சு நாட்டுத் தோட்டக்காரர் ஜோசப் மோனியே, பூந்தொட்டி உடையாதிருக்க இரும்புக் கம்பியை உள்ளே வைத்துப் பூசி, 1867-இல் காப்புரிமை பெற்றார். வெப்பத்தில் இரும்பும் கற்காரையும் ஏறத்தாழ ஒரே அளவாக விரிவதால் இவ்விணைப்பு நிலைத்தது. கார்க் கொட்டகைக்கு ஆறு மில்லிமீட்டர்க் கம்பியை இருநூறு மில்லிமீட்டர் இடைவெளியில் பின்னிய வலை போதும். இதனைக் கடைகளில் பி.ஆர்.சி. என்று கேட்டால் தருவர். ஆனால் கம்பி வெடிப்பைத் தடுக்கும் என்பது தவறான எண்ணம். வெடித்த பகுதிகள் விலகாமல் இறுகப் பிடித்துக்கொள்வதே அதன் வேலை. வெடிப்பு மேலிருந்து தொடங்குவதால், வலை தளத்தின் மேல் மூன்றிலொரு பகுதியில் கிடத்தல் வேண்டும். பல வேலைகளில் அது காலில் மிதிபட்டு அடியில் மண்ணோடு கிடக்கிறது; அப்படிக் கிடக்கும் கம்பி வாங்கிய பணத்துக்குக் கணக்குக் காட்டுமேயன்றித் தளத்துக்கு உதவாது. சிறு சிமெண்டுக் கட்டிகளின்மேல் அதனை நிறுத்திவைத்தல் வேண்டும்.

தளம் சுருங்குவது இயற்கை. வெடிப்பதும் ஏறக்குறைய உறுதி. வெடிப்பது எங்கே என்பதை மனிதன் தீர்மானிக்கலாம். நான்கு அங்குலத் தளத்தில் எட்டு முதல் பத்தடிக்கு ஒரு வெட்டு, கனத்தில் நாலில் ஒரு பங்கு ஆழம், அதாவது ஓர் அங்குலம். 20 அடிக்கு 10 அடித் தளத்தை நடுவே ஒருமுறை வெட்டினால் இரு சதுரங்களாகும். வெடிப்பு அவ்வெட்டுக்கு அடியிலேயே நேராக ஓடி மறைந்துகொள்ளும். வெட்டுவதை மறுநாளைக்கு என்று தள்ளிப்போட்டால், இந்த வெப்பத்தில் தளம் தன் விருப்பப்படி முன்னரே வெடித்திருக்கும். போட்ட அன்றே, ஓரம் சிதறாத அளவுக்கு இறுகியதும் வெட்டிவிடுக. உலர் வெட்டில் எழும் தூசு நுரையீரலைக் கெடுப்பது. நீர் ஊற்றியே வெட்டுக.

போடும் நாள்

விடியற்காலையில் தொடங்குவதே முறை. நடுப்பகல் வெயில் மேற்பரப்பின் நீரை உறிஞ்சிவிடும். மாலையில் இடிமழை வரும். தார்ப்பாய் பக்கத்தில் இருக்கட்டும். வாயிலை நோக்கி அடிக்குக் கால் அங்குலம் வரை சரிவு விட்டு, மட்டக்கோலால் வாரிச் சமன் செய்தபின் சிறிது பொறுத்தல் வேண்டும். அப்போது கலவையிலிருந்து நீர் மேலே கசிந்து பளபளவென்று நிற்கும். அந்நீர் மறையுமுன் கரணையால் தேய்த்தால் நீர் மேற்பரப்பிலேயே அடைபட்டு, பின்னாளில் தளம் மாவாக உதிரும். நீரை உறிஞ்சட்டும் என்று வெறுஞ் சிமெண்டைத் தூவுவது அதனினும் கேடு. மேலே ஒரு மெல்லிய ஓடு உண்டாகி உரிந்துவிடும். மிதித்தால் கால் அங்குலமே பதியும் பக்குவத்தில் மரக்கட்டையால் தேய்த்துப் பின்னர் இரும்புக் கரணையிடலாம். கார் நிற்கும் இடத்தைக் கண்ணாடிபோல் வழவழப்பாக்குவது அழகாயிருக்கலாம், மழைநாளில் வழுக்கும். துடைப்பத்தால் மெல்லக் கோடிழுத்து விடுவதே மேல்.

கடைசிக் கரணை முடிந்தவுடன் பிளாஸ்டிக் விரிப்பாலோ ஈரச் சாக்காலோ மூடி, ஏழு நாள் ஈரம் குன்றாமல் காத்தல் வேண்டும். காலையில் ஒருமுறை நனைத்துப் பகலெல்லாம் வெயிலில் விடுவது காத்தல் ஆகாது. இரண்டாம் நாள் நடக்கலாம். பத்தாம் நாள் கார் ஏற்றலாம். வண்டி தூக்கும் இயந்திரம் பொருத்த 28 நாள் பொறுத்து, அதனைச் செய்தவர் குறித்துள்ள கனம் தளத்துக்கு உண்டா என்றும் பார்த்தல் வேண்டும்.

வண்ணப்பூச்சு விரும்புவோர் ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக்கைத் தளத்தில் ஓரமெல்லாம் ஒட்டி மறுநாள் எடுத்துப் பார்க்க. அடியில் ஈரம் கோத்திருந்தால் எப்பாக்சிப் பூச்சு நிற்காது. சூடான சக்கரத்தோடு உரிந்து வரும். பட்டறைக்கு அதனினும் ஏற்றது, தளத்துக்குள் ஊறி அதனைக் கடினமாக்கும் சிலிக்கேட் நீர்மம்.

எஞ்சின் எண்ணெய் கறைப்படுத்துமேயன்றி, இறுகிய தளத்தை எளிதில் அரிக்காது. அமிலம் அரிக்கும். ரப்பர் ஆலைகளில் பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலம் சிந்திய தளத்தில் சாந்து கரைந்து சல்லி துருத்தி நிற்பதைத் தோட்டத்தில் வாழ்ந்தவர் கண்டிருப்பர். பட்டறையில் அவ்வேலையைச் செய்வது பேட்டரி அமிலம். பேட்டரிகளைப் பிளாஸ்டிக் தட்டில் வைத்து, சிந்தியவிடத்தில் உடனே சமையல் சோடாவைத் தூவி நிறைய நீர்விட்டுக் கழுவுக. வாயு விளக்கின் சுடரை நேரே தளத்தின்மேல் பிடித்து இரும்பு வெட்டுவதும் ஆகாது. உள்ளிருக்கும் ஈரம் திடீரென ஆவியாகிக் கற்சில்லு வெடித்து முகத்தில் தெறிக்கும். அவ்விடத்தில் தீக்கல் பரப்பி, அதன்மேல் வைத்து வெட்டுதல் வேண்டும்.