பாஸ் மீன்பிடிப்பில் விரும்பப்படாத முறைகள்

பாஸ் மீன்பிடிப்பில் விரும்பப்படாத முறைகள் என்பன, மீன் பிடிக்கும் திறன் மிக்கவை என அறியப்பட்டிருந்தும், அலுப்பு, உடல் வலி, மதிப்புக் குறைவு போன்ற காரணங்களால் தூண்டில்காரர் பலர் கையாளத் தயங்கும் உத்திகளும் போலி இரைகளும் ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் கரோலினா கட்டு, ஆழ்முழுகி இரை, டிராப் ஷாட், அலபாமா கட்டு ஆகியவை இவ்வகையில் அடிக்கடி பேசப்படுகின்றன. மீன் பிடிக்காத முறை விரைவில் மறக்கப்பட்டுவிடும். மறக்கவும் முடியாமல் விரும்பவும் முடியாமல் நிற்பவையே இப்பட்டியலில் இடம்பெறுகின்றன. இவற்றுட் சில, பெரும் போட்டிகளில் வெற்றி தேடித் தந்தவை.

பின்னணி

இங்கு பாஸ் எனப்படுவது மைக்ரோப்டெரசு என்னும் பேரினத்தைச் சேர்ந்த வட அமெரிக்க நன்னீர் மீன்களைக் குறிக்கும். பெருவாய் பாஸ், சிறுவாய் பாஸ் ஆகிய இரண்டும் இவற்றுள் முதன்மையானவை. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உண்ணப்படும் கொடுவா மீனையும் ஆங்கிலத்தில் கடல் பாஸ் என்பர். ஆயினும் அது வேறு குடும்பத்தைச் சேர்ந்தது.

1967 ஆம் ஆண்டில் ரே ஸ்காட் என்பவர் ஆர்கன்சா மாநிலத்தின் பீவர் ஏரியில் பெரிய அளவிலான பாஸ் மீன்பிடிப் போட்டி ஒன்றை நடத்தினார். அடுத்த ஆண்டில் அவர் பாஸ் தூண்டில்காரர் சங்கத்தைத் தோற்றுவித்தார். அச்சங்கத்தின் பாஸ்மாஸ்டர் கிளாசிக் போட்டி 1971 முதல் நடைபெற்று வருகிறது. இத்தகைய போட்டிகளில் உயிருள்ள இரைக்கு இடமில்லை. பெரும்பாலானவற்றில் நாளொன்றுக்கு 5 மீன்களின் மொத்த எடையே கணக்கிடப்படும்.

இப்போட்டிகளின் வழியே ஒரு விருப்பமும் வளர்ந்தது. கரையோர ஆழமற்ற நீரில், கண்ணுக்குத் தெரியும் மரக்கட்டையையோ நீர்ச்செடியையோ குறிவைத்து, தடித்த நரம்பும் வலிய கோலும் கொண்டு விரைவாக வீசிப் பிடிப்பதே சிறந்த மீன்பிடிப்பு என்று பலர் கருதலாயினர். நீர்ப்பரப்பில் செல்லும் இரையை மீன் பாய்ந்து கவ்வும் காட்சியைக் கண்டவருக்கு, நீரடியில் புலப்படாத ஒன்றை மெல்ல இழுத்துக்கொண்டிருப்பது எளிதில் பிடிக்காது. கீழே கூறப்படும் முறைகள் பெரும்பாலும் இந்த விருப்பத்துக்கு எதிரானவை.

கரோலினா கட்டு

விரும்பப்படாத முறைகளுள் முதலில் வைக்கத்தக்கது இதுவே. முதன்மை நரம்பில் ஏறத்தாழ 14 முதல் 28 கிராம் வரை எடையுள்ள துளையிட்ட குண்டும் அதன் கீழ் ஒரு மணியும் கோக்கப்படும். அடுத்து ஒரு சுழல் வளையம் கட்டப்படும். வளையத்தின் மறுபுறத்தில் அரை மீட்டர் முதல் ஒரு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளம் வரையுள்ள தனி நரம்பு கட்டி, அதன் நுனியில் முள்ளும் நெகிழிப் புழுவோ பல்லி வடிவ இரையோ பொருத்துவர்.

குண்டு அடித்தரையில் உரசிச் செல்ல, இரை அதன் பின்னே தடையின்றி மிதந்து வரும். குண்டு சரளையில் உரசும்போது கோலில் அதிர்வு தெரியும். சேற்றில் புதையும்போது அவ்வதிர்வு அடங்கிவிடும். ஏரியின் அடித்தரையைக் கையால் தடவிப் பார்ப்பதற்கு ஒப்பானது இது. முட்டையிட்டு முடித்து ஆழமான இடங்களுக்குத் திரும்பும் மீன்கள் பரந்த மேடுகளில் சிதறியிருக்கும் காலத்தில், அவற்றைத் தேட இதனினும் ஏற்ற முறைகள் சிலவே உள்ளன.

இத்தனை பயன் இருந்தும் இது 'குண்டும் சங்கிலியும்' என்று ஏளனமாக அழைக்கப்படுகிறது. கைதிகளின் காலில் பிணைக்கப்பட்ட இரும்புக் குண்டை நினைவூட்டும் பெயர் அது. ஒவ்வொரு கட்டுக்கும் மூன்று முடிச்சுகள் வேண்டும். குண்டு பாறையிடுக்கில் சிக்கி நரம்பு அறுந்தால் அனைத்தையும் முதலிலிருந்து கட்ட வேண்டும். குண்டும் இரையும் தனித்தனியே பறப்பதால் குறிவைத்து வீசுவதும் கடினம். மீன் கவ்வுவது கூடத் தெளிவாகத் தெரியாது. நரம்பில் ஈரத்துணி தொங்குவது போன்ற ஒரு கனம் மட்டுமே உணரப்படும். கோலைப் பக்கவாட்டில் மெல்ல இழுப்பதும், தளர்ந்த நரம்பைச் சுருட்டுவதும், மீண்டும் இழுப்பதுமாக நாள் முழுவதும் கழியும்.

எனினும் 1985 ஆம் ஆண்டு ஆர்கன்சா ஆற்றில் நடைபெற்ற பாஸ்மாஸ்டர் கிளாசிக் போட்டியில் ஜாக் சான்சலர் இம்முறையைக் கொண்டே வென்றார். அவர் பயன்படுத்திய சிறிய நேரான நெகிழிப் புழுவின் பெயர் 'ஒன்றும் செய்யாதது' எனப் பொருள்படும். அசைவோ வாலோ பெரிதாக இல்லாத இரைக்குப் பொருத்தமான பெயர்தான்.

ஆழ்முழுகி இரைகள்

மீன் வடிவில் செய்யப்பட்டு, முகத்தில் நீண்ட தகடு பொருத்தப்பட்ட இரைகள் இவை. சுருட்டும்போது நீர் தகட்டில் மோதி இரையைக் கீழ்நோக்கித் தள்ளும். பெரிய வகைகள் 6 மீட்டருக்கும் கீழே செல்லக்கூடியன. வீச்சு நீளமாகவும் நரம்பு மெல்லியதாகவும் இருந்தால் ஆழம் கூடும். இவற்றுக்கு எதிரான முறையீடு முழுவதும் உடலைச் சார்ந்தது. நீரின் எதிர்ப்பை மீறி ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை சுருட்டினால் மணிக்கட்டும் முழங்கையும் தோளும் வலிக்கும். பற்சக்கர விகிதம் குறைந்த சுருளிகள் இவ்வலியைக் குறைக்குமேயன்றி நீக்குவதில்லை.

1982 ஆம் ஆண்டு கிளாசிக் போட்டியில் பால் எலையாஸ் என்பவர் இரையை மேலும் ஆழத்துக்குச் செலுத்தும் பொருட்டுப் படகின் தளத்தில் மண்டியிட்டு, கோலின் பெரும்பகுதியை நீருக்குள் அமிழ்த்திச் சுருட்டினார். பார்வைக்கு அழகற்ற அந்நிலையிலேயே அவர் வெற்றியும் பெற்றார்.

டிராப் ஷாட்டும் மென்கருவி முறைகளும்

டிராப் ஷாட் முறையில் எடை நரம்பின் அடிநுனியில் இருக்கும். அதற்குச் சற்று மேலே முள்ளும் சிறிய நெகிழி இரையும் கட்டப்படும். இதனால் இரை அடித்தரையைத் தொடாமல் ஒரே இடத்தில் நின்று நடுங்கும். ஜப்பானில் வளர்ந்த இம்முறை 1990களின் பிற்பகுதியில் கலிபோர்னியா வழியாக அமெரிக்காவில் பரவியது. தெளிந்த நீருள்ள ஏரிகளிலும், பலர் மீன்பிடித்துப் பழகிப்போன நீர்நிலைகளிலும் இதன் பயன் அதிகம்.

இதன் மீதான வெறுப்பில் பெருமிதத்தின் பங்கு கணிசமானது எனலாம். மெல்லிய கோலும் நிலைச்சுருளியும் தொடக்கநிலையாளருக்கு உரியவை என்ற எண்ணம் பழைய தலைமுறையிடம் இருந்தது. அக்கோலைத் 'தேவதைக் கோல்' என்று கேலி செய்வாரும் உளர். ஆயினும் நியாயமான குறைகளும் இல்லாமலில்லை. நிலைச்சுருளியில் நரம்பு எளிதில் முறுக்கேறிச் சிக்கலாகும். 6 அல்லது 8 பவுண்டு வலிமையுள்ள நரம்பால் மரக்கிளைகளுக்கிடையே புகுந்த பெரிய மீனை வெளியே இழுப்பது அரிது. அமெரிக்கப் பேரேரிகளில் சிறுவாய் பாஸ் பிடிப்போர் இக்கேலியைப் பொருட்படுத்துவதில்லை. அங்கு டிராப் ஷாட் அன்றாடக் கருவியாகிவிட்டது.

அலபாமா கட்டு

நடுத்தலை ஒன்றிலிருந்து குடைக்கம்பிகள் போல் விரியும் ஐந்து கம்பிகளும், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு நெகிழி மீனும் கொண்டது அலபாமா கட்டு. நீரில் இழுக்கும்போது இது சிறு மீன் கூட்டம் போலத் தோன்றும். கடலில் படகுக்குப் பின்னே இழுத்துச் செல்லும் குடைக்கட்டு முன்பே வழக்கில் இருந்தது. அதனைக் கையால் வீசத்தக்கதாக அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த ஆண்டி பாஸ் வடிவமைத்தார்.

2011 அக்டோபரில் அம்மாநிலத்தின் கண்டர்ஸ்வில் ஏரியில் நடைபெற்ற நான்கு நாள் போட்டியில் மொத்தம் 102 பவுண்டு 8 அவுன்ஸ் (ஏறத்தாழ 46.5 கிலோகிராம்) மீன் பிடித்து இக்கட்டைப் புகழ்பெறச் செய்தவர், முன்னர் மண்டியிட்டு வென்ற அதே பால் எலையாஸ். உடனே கடைகளில் இதற்குப் பெருந்தேவை எழுந்தது. எதிர்ப்பும் உடன் எழுந்தது. பாஸ்மாஸ்டர் அமைப்பு 2012 முதல் தன் உயர்நிலைத் தொடரிலும் கிளாசிக் போட்டியிலும் இதனைத் தடை செய்தது. முட்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் மாநிலங்களில் சில கம்பிகளில் முள்ளில்லா இரைகளையே பொருத்த இயலும்.

இங்கு இரு வேறு வெறுப்புகள் கலந்துள்ளன. ஒன்று அறம் சார்ந்தது: ஒரே வீச்சில் இரண்டு மூன்று மீன்களைப் பிடிக்க உதவும் கருவி விளையாட்டுக்கு உகந்ததன்று என்பது. மற்றது, கனமான இக்கட்டைப் பகல் முழுவதும் வீசிக் களைத்தவருடையது. அறுந்து போனால் இழப்பும் ஐந்து மடங்கு. முதல் வெறுப்பைச் சட்டத்தால் தீர்க்கலாம். இரண்டாவதை வலிய கோலாலும் பழக்கத்தாலும் ஓரளவே குறைக்க இயலும்.

அண்மைக்காலச் சர்ச்சை

2018 முதல் பரவிய முன்னோக்கு ஒலியலைக் கருவிகள், படகின் முன்னே நீந்தும் மீனை உடனுக்குடன் திரையில் காட்டுகின்றன. திரையைப் பார்த்தபடியே சிறிய நெகிழி மீனை ஆட்டிப் பிடிக்கும் முறையை இளையோர் விரைவில் கற்றுக்கொண்டனர். முன்னர் அலுப்பு என ஒதுக்கப்பட்ட மென்கருவி முறை இதனால் போட்டிகளின் மையத்துக்கு வந்தது. மூத்த போட்டியாளர் பலர் இதனை விரும்பவில்லை. 2025 ஆம் ஆண்டுப் பருவத்தில் மேஜர் லீக் ஃபிஷிங் அமைப்பு தன் முதன்மைத் தொடரில், ஒரு நாளின் மூன்று பகுதிகளுள் ஒன்றில் மட்டுமே இக்கருவியை அனுமதித்தது.

மீனுக்கும் சூழலுக்கும் ஏற்படும் பாதிப்பு

விருப்பு வெறுப்புக்கு அப்பாற்பட்டுக் கருதத்தக்க காரணங்களும் உள்ளன. நீண்ட தனி நரம்புள்ள கரோலினா கட்டில் மீன் கவ்வியது தாமதமாகத் தெரிவதால், முள்ளை அது தொண்டைக்குள் விழுங்கிவிடுவதுண்டு. அவ்வாறு விழுங்கிய மீனை விடுவித்தாலும் அது பிழைக்கும் வாய்ப்புக் குறைவு. ஏறத்தாழ 9 மீட்டருக்கும் கீழிருந்து மேலே இழுக்கப்படும் மீனின் காற்றுப்பை, அழுத்தம் குறைவதால் வீங்கிவிடும்; மீன் மீண்டும் கீழிறங்க முடியாமல் புரண்டு மிதக்கும். ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றும் வழக்கம் உண்டு. பயிற்சியற்றவர் செய்தால் உள்ளுறுப்புகள் சேதமடையும்.

அடித்தரையில் இழுக்கும் முறைகளில் ஈயக்குண்டுகள் நீரடியில் தங்கிவிடுவதும் அதிகம். அவற்றை விழுங்கும் லூன் எனும் நீர்ப்பறவைகள் ஈய நஞ்சால் இறக்கின்றன. நியூ ஹாம்சயர் மாநிலம் 2000 ஆம் ஆண்டிலேயே சிறிய ஈயக்குண்டுகளைக் கட்டுப்படுத்தியது. வேறு சில வடகிழக்கு மாநிலங்களும் இவ்வாறு சட்டமியற்றியுள்ளன. மாற்றாகப் பயன்படும் டங்ஸ்டன் குண்டுகள் அடித்தரையின் தன்மையை இன்னும் தெளிவாக உணர்த்துகின்றன. விலையோ பன்மடங்கு அதிகம்.