பெரிய எண்ணை நூலகம் எப்படி உடைக்கிறது?

பாரி போன்ற எண்கோட்பாட்டு மென்பொருள் நூலகம் காரணி தேடுகையில் ஒரே வழியை நம்புவதில்லை. முதலில் 2, 3, 5 எனச் சிறிய பகா எண்களால் வகுத்துப் பார்க்கிறது. எஞ்சியது பகா எண்ணா, பகு எண்ணா என்பதை விரைவுச் சோதனை சொல்லிவிடும். வியப்பு என்னவென்றால், பகு எண் என்று கண்டாலும் அதன் காரணி தெரிவதில்லை.

அதைத் தேட, 1975இல் ஜான் பொல்லார்டு வெளியிட்ட ரோ முறையும் லென்ஸ்ட்ராவின் நீள்வட்ட வளைகோட்டு முறையும் உள்ளன. அவற்றுக்கும் சிக்காவிட்டால் இருபடிச் சல்லடை. இதன் அடிப்படை எளிது: 8051 என்பது 90²−7²; ஆகவே (90−7)(90+7), அதாவது 83×97. பெரிய எண்களில் இத்தகைய வர்க்க இணை நேரடியாக அகப்படாது. எனவே வர்க்க வித்தியாசம் அந்த எண்ணின் மடங்காக இருந்தாலே போதும் என்று சல்லடை விட்டுக்கொடுக்கிறது. பல சமன்பாடுகளைத் திரட்டிப் பெருக்கி அந்த இணையை உருவாக்குகிறது.

250 இலக்க எண்ணான ஆர்எஸ்ஏ-250, 2020இல் இதே வர்க்க இணைக் கருத்தில் இயங்கும் எண்புலச் சல்லடையால்தான் உடைந்தது. ஒற்றைச் செயலிக் கருவுக்கு அது ஏறத்தாழ 2,700 ஆண்டு வேலை.