நிழலை நம்பி வாழும் ஏலம்

சித்திரை வெயிலில் போடிநாயக்கனூர் தகிக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பதால் தென்மேற்குப் பருவமழை இந்த ஊருக்குச் சொற்பமாகத்தான் கிடைக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டைத் தாண்டினால் காற்றில் ஈரம் தெரியும். மரங்களின் கீழே ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த ஏலச்செடிகள் வரிசை கட்டி நிற்கும்.

ஏலம் இந்த மலைத்தொடரின் சொந்தச் செடி. இஞ்சி, மஞ்சள் குடும்பத்தைச் சேர்ந்தது. மண்ணுக்குள் கிழங்கு, அதிலிருந்து கிளம்பும் தட்டைகள் என்று பல ஆண்டு வாழும். காய்க்கும் சரமோ தட்டையின் உச்சியில் வராது. தூரிலிருந்து புறப்பட்டுத் தரையோடு படரும். 'மைசூர்' வகையில் மட்டும் சரம் நிமிர்ந்து நிற்கும். ஊதாக் கோடு போட்ட வெள்ளைப் பூ ஒரு நாள்தான் நீடிக்கும். அதற்குள் தேனீ வந்தால்தான் காய்.

மழைக்காட்டில் பிறந்த இந்தச் செடிக்குச் சோதனைக் காலம் தை முதல் வைகாசி வரை. வேர்கள் மேல்மண்ணிலேயே பரவுவதால், மண் காய்ந்தால் செடி உடனே துவளும். அதைக் காப்பது மர நிழல். பலாவும் சந்தன வேம்பும் வெயிலைப் பாதியாகக் குறைக்கின்றன. உதிரும் இலைகள் மூடாக்காகி ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன. நிழல் அதிகமானாலும் சரம் குறையும். அதனால் பருவமழைக்கு முன் மரங்களைக் கவாத்து செய்து வெளிச்சம் விடுகிறார்கள்.

பறித்த பச்சைக்காயை 'ஸ்டோர்' எனப்படும் உலர்கூடத்தில் இளஞ்சூட்டில் உலர்த்துவார்கள். சுமார் 5 கிலோ பச்சைக்காய் 1 கிலோவாகச் சுருங்கும். பிறகு போடியிலும் கேரளாவின் இடுக்கி மாவட்டத்திலுள்ள புத்தடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்துக்குப் போகும்.

இடுக்கி விவசாயி ஒருவர் தேர்ந்தெடுத்த 'ஞள்ளானி' ரகம் விளைச்சலைப் பலமடங்கு உயர்த்தியது. கூடுதல் விளைச்சலுக்காகப் பல தோட்டங்களில் நிழல் குறைக்கப்பட்டது. 2024 கோடை வறட்சியில் இடுக்கி மலைகளில் ஏலச்செடிகள் பெருமளவு கருகின. பாசனக் குளங்களும் வற்றின.

சொட்டுநீரும் நிழல்வலையும் ஓரளவு கைகொடுக்கும். ஆனால் ஈரக்காற்று, நிழல், மூடாக்கு மூன்றையும் சேர்த்துத் தருவது மரம் ஒன்றுதான். ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்கள் கோடாரியை எடுக்கும் முன், அடுத்த கோடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.