'ஏ' சான்றிதழ் படத்துக்கு எட்டு வயசுப் பிள்ளை எதுக்கு?

பவன் கல்யாண் நடித்த 'தே கால் ஹிம் ஓஜி' இந்தியாவில் 2025 செப்டம்பர் 25ஆம் தேதி வெளியானது. அமெரிக்காவில் அதற்கு முந்தைய நாள், புதன்கிழமை மாலையே பிரீமியர் காட்சிகள் தொடங்கிவிட்டன.

நான் வசிக்கும் ஆலன், டெக்சாஸ் மாநிலத்தில் டல்லாஸுக்கு வடக்கே இருக்கும் ஊர். மக்கள்தொகை ஒரு லட்சத்தைக் கொஞ்சம் தாண்டும். பக்கத்தில் பிளேனோ, ஃபிரிஸ்கோ, மெக்கின்னி என்று எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் தெலுங்கு காதில் விழும். ராம் சரணின் 'கேம் சேஞ்சர்' பட வெளியீட்டுக்கு முந்தைய விழாவை 2024 டிசம்பரில் நடத்தியதும் இங்கே அருகிலிருக்கும் கார்லண்டில்தான். அப்படிப்பட்ட வட்டாரத்தில் பவன் கல்யாண் படம் என்றால் திருவிழாதான். நானும் போயிருந்தேன்.

படத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பம்பாய் துறைமுகம், அதை ஆளும் சத்யா தாதாவாகப் பிரகாஷ் ராஜ், அவர் மகன்போல நினைக்கும் ஓஜஸ் கம்பீரா, எதிரே இம்ரான் ஹாஷ்மி. குடும்பத்துக்கு ஆபத்து என்றதும் ஒதுங்கி இருந்தவன் வாளோடு திரும்பி வருகிறான். நமக்குப் பழகிய கதை. சுஜீத் அதை மிடுக்காக எடுத்திருக்கிறார். ரவி கே. சந்திரன் கேமரா, அர்ஜுன் தாஸ், ஸ்ரேயா ரெட்டி, பிரியங்கா மோகன் என்று தமிழ் ரசிகர்களுக்குத் தெரிந்த முகங்களும் நிறைய. விசில் அடிக்க வேண்டிய இடத்தில் நானும் அடித்தேன்.

என்னை உறுத்தியது திரைக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள். எனக்கு முன் வரிசையில் மட்டும் நாலு குழந்தைகள். ஒருத்திக்கு ஏழெட்டு வயசு இருக்கும். வாள் சுழன்று ரத்தம் தெறிக்கும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு அம்மா தோளில் முகம் புதைத்தாள். அம்மா பாப்கார்னை நீட்டினார். மறுநாள் வியாழக்கிழமை, பள்ளிக்கூடம் வேறு.

இடைவேளையில் தெரிந்த நண்பர் ஒருவரிடம் கேட்டேன். "சின்னப் பசங்களுக்கு என்ன அண்ணா புரியப் போகுது? வீட்ல யார்கிட்ட விட்டுட்டு வர்றது?" என்றார். அவர் கஷ்டமும் உண்மைதான். இங்கே தாத்தா பாட்டி இல்லை, பக்கத்து வீட்டு அக்காவும் இல்லை.

ஆனால் இந்தப் படத்துக்கு இந்தியத் தணிக்கை வாரியம் கொடுத்தது 'ஏ' சான்றிதழ். ஹைதராபாத்திலோ சென்னையிலோ 18 வயது ஆகாதவரை, பெற்றோர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் அனுமதிக்கக் கூடாது என்பதுதான் விதி. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த ரஜினியின் 'கூலி'க்கும் 'ஏ'தான். யு/ஏ வேண்டும் என்று தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது; மனு தள்ளுபடி ஆனது.

அமெரிக்காவில் அந்த வேலி கிடையாது. இங்கே 'ஆர்', 'பிஜி-13' என்று கொடுக்கப்படும் தரக்குறியீடுகள் சட்டம் அல்ல, திரைத்துறையே வைத்துக்கொண்ட ஏற்பாடு. 'ஆர்' படத்துக்குக்கூட, அப்பா அம்மா கூட வந்தால் 17 வயதுக்குக் குறைந்தவரும் போகலாம். நம் ஊர்ப் படங்கள் பலவும் அந்தக் குறியீடு வாங்காமலேயே இங்கே திரைக்கு வருகின்றன. ஆக, இங்கே தணிக்கை அதிகாரி என்றால் டிக்கெட் எடுக்கும் அப்பாவும் அம்மாவும்தான்.

"கார்ட்டூன்ல இல்லாத சண்டையா?" என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது, நாம் எந்த ஊரில் இருக்கிறோம் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள் என்பதுதான்.

2023 மே 6, சனிக்கிழமை. ஆலன் பிரீமியம் அவுட்லெட்ஸ் வணிக வளாகத்தில் ஒருவன் துப்பாக்கியால் சுட்டு 8 பேரைக் கொன்றான். அவர்களில் 3 பேர் குழந்தைகள். ஹைதராபாத்திலிருந்து வந்து வேலை பார்த்த 26 வயதுப் பொறியாளர் பெண்ணும் இறந்தார். வேறு வேலையாக அங்கே இருந்த ஆலன் போலீஸ்காரர் ஒருவர், சில நிமிடங்களில் அவனைச் சுட்டு வீழ்த்தினார். அந்த வளாகத்துக்கு நாங்கள் எல்லோரும் போவோம். பள்ளி திறக்கும் முன் ஷூ வாங்கும் இடம் அது.

டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல், 21 வயதானவர்கள் உரிமம் இல்லாமலே பொது இடத்தில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம், சட்டம் தடுத்தவர்களைத் தவிர. 2020 முதல் அமெரிக்காவில் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களின் இறப்புக்கு முதல் காரணமே துப்பாக்கிதான். நம் பிள்ளைகள் வகுப்பறை விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, சத்தம் போடாமல் மூலையில் உட்காரப் பழக்கப்படுகிறார்கள். காலையில் பள்ளியில் அந்தப் பயிற்சி, மாலையில் தியேட்டரில் சுடுபவனுக்கு அப்பாவின் கைத்தட்டல். இரண்டையும் அந்தக் குழந்தை மனசில் எப்படிச் சேர்த்துவைக்கும்?

சினிமா பார்த்துத்தான் அந்த மனிதன் சுட்டான் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அபத்தம். நம் தாதா படங்களை வெறுப்பவனும் இல்லை. 'நாயகன்' (1987) படத்தில் வேலு நாயக்கரின் மனைவி சுடப்படுகிறாள், மகன் சாகிறான், மகள் அப்பாவைக் கேள்வி கேட்டுவிட்டு வீட்டைவிட்டே போகிறாள். ராம்கோபால் வர்மாவின் 'சிவா' (1989), தமிழில் 'உதயம்', அதிலும் ரவுடிகளை எதிர்த்த நாயகனின் அண்ணன் மகள், ஒரு சின்னக் குழந்தை, பலியாகிறாள். வன்முறைக்குக் குடும்பம் கொடுக்கும் விலையை அந்தப் படங்கள் மறைக்கவில்லை. இன்றைய படங்களில் குடும்பம், நாயகன் மறுபடி வாளெடுப்பதற்கான காரணமாகச் சுருங்கிவிட்டது. இந்த வித்தியாசம் நாற்பது வயசுக்காரனுக்குப் புரியும். எட்டு வயசுக் குழந்தைக்கு ரத்தமும் விசிலும் மட்டும்தான் போய்ச் சேரும்.

செய்யக்கூடியது பெரிய விஷயமில்லை. டிக்கெட் எடுக்கும் முன் இந்தியச் சான்றிதழ் என்ன என்று போனில் பாருங்கள். இப்போது யு/ஏ பிரிவிலேயே 7+, 13+, 16+ என்று வயது வாரியாகக் கொடுக்கிறார்கள். 'ஏ' என்றால் நாலு குடும்பம் பேசிவைத்துக்கொண்டு, இன்றைக்கு ஒரு வீட்டுக்காரர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும், மற்றவர்கள் போய் வரட்டும். அடுத்த படத்துக்கு முறை மாறட்டும். சீட்டுப் பிடிக்கவும் பொங்கல் விழா நடத்தவும் ஒன்றுகூடும் நமக்கு இது முடியாதா? இங்கே படத்தை வெளியிடுபவர்களும் போஸ்டரிலும் டிக்கெட் பக்கத்திலும் அந்த 'ஏ'யைப் பெரிதாகப் போடலாம்.

பவன் கல்யாண் இன்று ஆந்திரத்தின் துணை முதல்வர். அவர் படம் பெரியவர்களுக்கானது என்று அவருடைய நாடே முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறது. கடல் தாண்டினால் அந்த முத்திரை அழிந்துவிடுமா என்ன?