தலைக்கு மேல் வேலை – 8: மூன்று மாதத்துக்கு முந்தைய கணக்கு

சீப்பில் சிக்கிய முடியை விரலில் சுற்றி உருண்டையாக்கி, சுவர்ப் பொந்திலோ ஓட்டு இடுக்கிலோ செருகி வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருந்தது. சவுரி முடிக்காரர் தெருவில் குரல் கொடுத்ததும் அந்த உருண்டைகளெல்லாம் வெளியே வரும். வாங்கிக்கொண்டு ஊக்கு, ரிப்பன், சின்னதாக ஒரு கிண்ணம் என்று எதையாவது கொடுத்துவிட்டுப் போவார். இன்றும் சில ஊர்களில் முடிக்குப் பாத்திரம் தருகிற வண்டிகள் வருகின்றன. ஷாம்பூவையே பார்க்காத, இடுப்புக்குக் கீழே பின்னல் தொங்கிய பாட்டிக்கும் முடி கொட்டிக்கொண்டுதான் இருந்தது. விற்கிற அளவுக்குக் கொட்டியது. அவர் பதறவில்லை. நாம்தான் குளியலறைச் சல்லடையில் அடைத்துக்கொண்ட முடியைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு, என்ன எண்ணெய் தேய்க்கலாம் என்று கேட்கிறோம்.

போன வாரம் பொடுகு. இந்த வாரம் முடி கொட்டுவது. அதிலும் ஒரே ஒரு வகை. நன்றாக இருந்த தலையில் திடீரென்று, ஒரு இடம் என்றில்லாமல் முழுக்கவும், கைவைத்தால் கையோடு வருகிற மாதிரிக் கொட்டுமே, அது. ஆளைக் கலங்கடிப்பதும் அதுதான், பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடுவதும் அதுதான். அதனாலேயே சந்தையில் இதற்குத்தான் மருந்து அதிகம்.

முதலில் கொஞ்சம் கணக்கு. நம் தலையில் சுமாராக 1 லட்சம் முடி. ஒவ்வொரு முடியும் 2 முதல் 6 ஆண்டுகள்வரை, மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வீதம் வளர்கிறது. அப்புறம் இரண்டு மூன்று வாரத்தில் வளர்ச்சி அடங்கி, சுமார் மூன்று மாதம் வேர்ப்பையில் சும்மா உட்கார்ந்திருக்கும். அதற்குள் அடியில் புது முடி கிளம்ப, பழசு உதிர்ந்துவிடும். எந்த நாளில் எண்ணிப் பார்த்தாலும் பத்தில் ஒரு பங்கு முடி இப்படி ஓய்வில் இருக்கிறது. அதாவது 10,000 முடி, நூறு நாளுக்குள் விழுந்தாக வேண்டியவை. வகுத்துப் பாருங்கள், நாளுக்கு நூறு. ‘தினமும் 50 முதல் 100 முடி கொட்டுவது சகஜம்’ என்று மருத்துவர்கள் சொல்வது ஆறுதலுக்காக அல்ல, கணக்கே அப்படி. (புருவ முடி இடுப்புவரை வளராமல் இருப்பதும் இதே கணக்கால்தான். அது வளர்கிற காலம் சில மாதங்களோடு முடிந்துவிடுகிறது.)

இப்போது உடம்புக்கு ஒரு பெரிய அடி விழுகிறது என்று வையுங்கள். டெங்கு, டைபாய்டு, பெரிய ஆபரேஷன், பிரசவம், பட்டினி கிடந்து உடம்பைக் குறைப்பது, வீட்டில் ஒரு சாவு. வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் ஒரு பெரும் பகுதி, காலம் வருமுன்பே, ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடுகிறது. உயிர் பிழைப்பதா, முடி வளர்ப்பதா என்று வந்தால் உடம்பு எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அன்றைக்கு ஒரு முடிகூடக் கூடுதலாக விழாது. அவை மூன்று மாதம் தலையிலேயே இருக்கும். காய்ச்சல் போய், உடம்பு தேறி, வேலைக்கும் போகத் தொடங்கிய பிறகு ஒரு காலையில் சீப்பு நிறைய வரும். அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் 1961-ல் இதற்கு டெலோஜென் எஃப்ளூவியம் என்று பெயர் வைத்தார். மருந்துச் சீட்டில் டி.ஈ. என்று கிறுக்கியிருந்தால் அது இதுதான்.

இந்த மூன்று மாத இடைவெளிதான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம். இன்று கொட்டுகிற முடிக்கு நாம் நேற்றைய காரணத்தைத் தேடுகிறோம். போன வாரம் மாற்றிய ஷாம்பூ, புதிதாகப் போட்ட ஹெல்மெட், மாடித் தொட்டித் தண்ணீர். குற்றவாளி மூன்று மாதத்துக்கு முன்பே ஊரைவிட்டுப் போய்விட்டான்.

தண்ணீர்ப் பழி சென்னைக்கே உரியது. ஊரிலிருந்து வேலைக்கு வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண் நாலாவது மாதம் வீட்டுக்கு போன் செய்கிறாள்.

“அம்மா, முடியெல்லாம் கொத்துக் கொத்தா வருதும்மா. இந்தத் தண்ணி ஒத்துக்கவே இல்ல.”

“மெட்ராஸ் தண்ணியே அப்படித்தான்டி. தலைக்கு மட்டும் கேன் தண்ணி ஊத்திக்க.”

போர்வெல் தண்ணீர் நல்லது என்று சொல்ல வரவில்லை. உப்புத் தண்ணீரில் சோப்பு, ஷாம்பூ நுரைக்காது, முடி சொரசொரப்பாகும், சிக்கு விழும், வாரும்போது பாதியில் அறுந்துகூடப் போகும். ஆனால் தோலுக்கு அடியில் இருக்கும் வேரை அது தொடுவதில்லை. அந்தப் பெண்ணுக்கு மாறியது தண்ணீர் மட்டுமா? காலை உணவு நின்றது, இரவு ஷிஃப்ட் வந்தது, எடை ஐந்தாறு கிலோ இறங்கியது, வந்த புதிதில் ஒரு காய்ச்சலும் வந்துபோயிருக்கும். இதையெல்லாம் விட்டுவிட்டு, கேன் தண்ணீர் வாங்கித் தலைக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறோம்.

அறுந்ததா, உதிர்ந்ததா என்று நீங்களே பார்க்கலாம். கொட்டிய முடி ஒன்றை எடுத்து, கறுப்பு அல்லது அடர்ந்த நிறத் துணிமேல் வைத்து, வெளிச்சத்தில் இரண்டு நுனியையும் பாருங்கள். ஒரு நுனியில் கடுகைவிடச் சின்னதாக, வெள்ளையாக ஒரு குமிழ் இருந்தால் அது காலம் முடிந்து உதிர்ந்த முடி. இரண்டு பக்கமும் குமிழ் இல்லை, நீளமும் குறைவு என்றால் அறுந்தது. அங்கே தண்ணீரையும் ஸ்ட்ரெய்ட்னரையும் ஈரத்தலையில் வாருவதையும் விசாரிக்கலாம். அந்த வெள்ளைக் குமிழைப் பார்த்து ‘வேரோடு வந்துடுச்சே’ என்று அழுகிறவர்கள் உண்டு. அது வேர் அல்ல. முடி முளைக்கும் பை தோலுக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது; பழுத்த இலைக்குக் காம்பு இருப்பதுபோல் இதற்குக் குமிழ்.

பிரசவத்துக்குப் பின் கொட்டுவதில் மட்டும் நம் வீட்டுப் பெரியவர்கள் மருத்துவத்துக்கு முந்திக்கொண்டார்கள். குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் அம்மாவுக்கு முடி கொட்டும் என்பார்கள். காரணம் தப்பு, நாள் கணக்கு சரி. குழந்தை ஆளைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்குவது இரண்டாவது மாதம் வாக்கில். அடுத்த ஒன்றிரண்டு மாதத்தில் முகம் கண்டு குதூகலிக்கும். கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறியிருப்பதால், உதிர வேண்டிய முடியும் உதிராமல் தலையிலேயே நிற்கும். ஏழாம் மாத வளைகாப்பில் பின்னல் அவ்வளவு அடர்த்தியாக இருந்தது அதனால்தான். பிரசவமானதும் அந்த ஹார்மோன் சரசரவென்று இறங்குகிறது. அதுவரை நின்றவை மொத்தமாக ஓய்வுக்குப் போய், இரண்டு முதல் நான்கு மாதத்தில் சேர்ந்து விழுகின்றன. பெரும்பாலான தாய்மார்களுக்குக் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் பழைய நிலை வந்துவிடும். குழந்தை சிரிப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

இதே கணக்கில் மாட்டிக்கொள்ளும் இன்னொரு கூட்டம் கல்யாணப் பெண்கள், மாப்பிள்ளைகள். முகூர்த்தத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போதுதான் ‘பத்து கிலோ குறைக்கணும்’ என்ற வேகம் வரும். காலையில் ஜூஸ், இரவில் வெள்ளரிக்காய். எடை இறங்கும், ரவிக்கை அளவு சரியாகும். முடி சரியாக நலங்கு சமயத்தில் கொட்டத் தொடங்கும். குறைக்க வேண்டுமென்றால் ஆறேழு மாதம் முன்பே, பருப்பு, முட்டை, பயறு, மீனை விடாமல், நிதானமாகக் குறையுங்கள். முடி என்பதே புரதம்.

இனி இந்தத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, எண்ணெய்க்காரர்களுக்குப் பிடிக்காத பகுதி. முடி கொட்டத் தொடங்கியதும் யாரும் உடனே மருந்து தேடுவதில்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டு, சரியாகாது என்று தோன்றிய பிறகுதான் அந்த 21 மூலிகை எண்ணெயை ஆர்டர் செய்கிறோம். இந்த வகைக் கொட்டல் மூன்று முதல் ஆறு மாதத்தில் தானாக அடங்கிவிடும். எண்ணெய் தேய்த்த இரண்டாம் மாதம் அடங்கினால் பெயர் யாருக்கு? எண்ணெய்க்கு. மொட்டை போட்டிருந்தால் மொட்டைக்கு. (மொட்டை போட்டால் முடி அடர்த்தியாகாது, மழித்த முனை மொட்டையாக இருப்பதால் தடவும்போது தடிமனாகத் தெரிகிறது. வேண்டுதலுக்குப் போடுங்கள், வைத்தியத்துக்குப் போடாதீர்கள்.) விளம்பரத்தில் ‘மூன்றே மாதத்தில் நின்றுவிட்டது’ என்று பேசும் அக்கா பொய் சொல்லவில்லை. அவருக்கு நின்றது உண்மை. அது எதையும் தேய்க்காமலேயே நின்றிருக்கும் என்பதும் உண்மை.

தேங்காய் எண்ணெயே வீண் என்று இதற்குப் பொருளில்லை. ரேலே, மொஹிலே என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2003-ல் தேங்காய், சூரியகாந்தி, மினரல் எண்ணெய்களை ஒப்பிட்டபோது, தேங்காய் எண்ணெய் மட்டுமே முடித்தண்டுக்குள் புகுந்து, கழுவும்போது புரதம் போவதைக் குறைத்தது. அவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிக்கோ நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். எப்படியும் அது தண்டுக்கான காவல். உதிர வேண்டும் என்று முடிவான முடியை எந்த எண்ணெயும் கட்டி வைக்காது.

கொட்டுகிற காலத்தில் எல்லோரும் செய்யும் ஒரு காரியம், தலைக்குக் குளிப்பதைத் தள்ளிப்போடுவது. குளித்தால்தானே கொட்டுகிறது என்ற பயம். விழவேண்டியது விழும், வாரம் ஒருமுறை குளித்தால் ஏழு நாள் முடி ஒரே நாளில் கைக்கு வந்து, பார்க்கவே பகீரென்று இருக்கும். செவ்வாய், வெள்ளி பெண்களுக்கு, புதன், சனி ஆண்களுக்கு என்று வாரத்துக்கு இரண்டு நாள் வைத்திருந்தார்கள் அல்லவா, அந்த வீதம் இன்றைக்கும் பொருந்தும். வேர்வையும் தூசியும் அதிகமென்றால் இன்னும் ஒரு நாள் கூட்டிக்கொள்ளலாம்.

செய்ய வேண்டியது வேறு. காலண்டரை எடுத்து, கொட்டத் தொடங்கிய நாளிலிருந்து மூன்று மாதம் பின்னால் போய், அந்த வாரங்களில் என்ன நடந்தது என்று பாருங்கள். காய்ச்சலா, எடைக் குறைப்பா, புது மாத்திரையா, நிறுத்திய கருத்தடை மாத்திரையா? பதில் கிடைத்தால் பாதிப் பயம் போய்விடும். ஒன்றும் தட்டுப்படாவிட்டால், அல்லது ஆறு மாதம் தாண்டியும் கொட்டினால், ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு, இந்த மூன்றும் முக்கியம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின், அதாவது உடம்பின் இரும்புச் சேமிப்பு, காலியாக இருக்கலாம். முருங்கைக்கீரை சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்த இரும்பில் பெரும்பகுதி உடம்பில் சேராது. எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டால் சேரும்.

பரிசோதனைக்கு முன் ஒரு எச்சரிக்கை. முடிக்கென்று விற்கும் பயோட்டின் மாத்திரை பலவற்றில் 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 30 மைக்ரோகிராம்தான். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு அந்தக் குறை வருவதே அபூர்வம். மிச்சம் சிறுநீரில் போகும் என்பதோடு முடிந்தால் பரவாயில்லை. ரத்தத்தில் இருக்கும் பயோட்டின் சில வகைப் பரிசோதனைகளைக் குழப்பி, தைராய்டு முடிவையும், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் முடிவையும் தப்பாகக் காட்டிவிடும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-ல் இதைப் பற்றி எச்சரித்தது. தைராய்டு பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே மாத்திரையை நிறுத்துங்கள், மருத்துவரிடமும் லேபிலும் சொல்லுங்கள்.

கொட்டல் அடங்குகிறதா என்று தெரிந்துகொள்ள, சீப்பைப் பார்க்காதீர்கள், நெற்றியைப் பாருங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் முடியைப் பின்னுக்குத் தள்ளிப் பிடித்தால், நெற்றியோரத்திலும் வகிட்டிலும் ஒன்றிரண்டு செ.மீ. உயரத்தில் குட்டிக் குட்டியாக முடி நிமிர்ந்து நிற்கும். எண்ணெய் வைத்தும் படியாது; பின்னலில் சேராமல் மானத்தை வாங்கும். அவை புது முளைப்பு. தோள்வரை வருவதற்கு இரண்டு வருடமாவது ஆகும், அதுவரை அதைத் தேய்த்துப் படிய வைக்க இறுக்கிக் கட்டாதீர்கள்.

இந்தக் கணக்கில் சேராதவையும் உண்டு. நாணயம் வைத்தாற்போல் வட்டமாகச் சொட்டை விழுந்தால் அது புழுவெட்டு. புழு எதுவும் வெட்டவில்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே வேர்ப்பையைத் தாக்குகிறது. கொட்டுவது பெரிதாகத் தெரியாமலேயே வகிடு மட்டும் அகன்றுகொண்டு போவது, மாதவிலக்கு தள்ளிப்போவதோடு முகத்தில் முடி முளைப்பது, தலையில் வலி, செதில், சீழ் என்று எது இருந்தாலும் மூன்று மாதம் காத்திருக்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

ஆண்களுக்கு நெற்றி இரு பக்கமும் ஏறுவதும் உச்சியில் வட்டம் விழுவதும் வேறு கதை. அது திடீரென்று கொட்டுவதில்லை, முடி வருடக்கணக்கில் மெலிந்து மெலிந்து பூனைமுடியாகிறது. அதற்கு மினாக்சிடில் போடத் தொடங்கியவர்கள் முதல் சில வாரங்களில் கொட்டல் கூடியதைப் பார்த்துப் பயந்து பாட்டிலைத் தூக்கிப் போடுகிறார்கள். ஓய்வில் இருந்த பழைய முடியைப் புது முடி தள்ளிவிடுவதால் வருவது அது. நிறுத்துவதற்கு முன் எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ரத்த அழுத்த மாத்திரையாக இருந்த அந்த மருந்து தலைக்கு வந்த கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)