வெந்நீர்ச் சாதனமும் அதற்குரிய சாக்கெட்டும்

திருவனந்தபுரத்தில் இடவப்பாதி மழை தொடங்கியதும், வாடகை வீட்டில் குடியேறிய நம்மவர் பலர் வெந்நீர்ச் சாதனம் வாங்குவர். அதனை எந்தச் சாக்கெட்டில் செருகுவது?

நம் நாட்டில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 2,000 வாட் சாதனம் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். மேசை விளக்குக்கும் வானொலிக்கும் உரிய சிறு சாக்கெட்டோ 6 ஆம்பியரே தாங்கும். மிகுந்தால் கம்பி சூடேறி, உறை உருகித் தீப்பற்றக்கூடும். ஆதலின் 16 ஆம்பியர் சாக்கெட்டே ஏற்றது.

சாக்கெட்டை மட்டும் மாற்றினால் போதாது. சுவருக்குள் ஓடும் கம்பியும் தக்க பருமன் உடையதாதல் வேண்டும். பிளக்கின் தடித்த மூன்றாம் முனை எர்த்துக்கு உரியது. அதை ஒடிப்பது உயிர்க்காவலை ஒடிப்பதாகும்.

வீட்டுக்காரரிடம் கேட்கக் கூச்சம் வேண்டா. உரிமம் பெற்ற மின்பணியாளர் சோதித்த பின்னரே சாதனத்தைச் செருகுங்கள்.